அடிமடை

மழைத் தண்ணீரால் ஒரு ஜீவன் செத்துப்போகும் என்று மகள் சொன்னபோது சுப்பிரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அவளே போன் போட்டுக் கூப்பிட்டு அவர் வந்திருக்கிறார். வந்து பையைக்கூட இறக்கி வைக்காத நேரத்தில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று, முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய நாக்கு என்றைக்கு அவர் சொன்னபடி கேட்டிருக்கிறது?

"நல்ல தண்ணில எவனாவது செத்துக்கீறானா திவ்யா? உப்புத் தண்ணி பூந்தாதான் பயிரு கருகும். மழ பேஞ்சா எல்லாம் தழைச்சுக்கினுதானே வரும்?"

"நெல்லு தழைக்கும் நைனா. இது கடல்ல பொறந்தது. வெளிய எவ்ளோ உப்போ, இது உடம்புக்குள்ளயும் அவ்ளோ உப்பு. வெளிய உப்பு கொறஞ்சா தண்ணி உடம்புக்குள்ள ஏறிக்கினே போவும். தடுக்கத் தெரியாது இதுக்கு. இறாலுன்னா கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கும். இது பழகாது. வெளுத்துப் பூடும், நண்டு போட்டா தொடாது. கடைசில தன் கையவே கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சிடும்."

தன் கையைத் தானே தின்னும் என்று கேட்டதும் சுப்பிரமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கொட்டகை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. முன்பு இறால் குஞ்சு பொரித்த இடம். அந்த இறால் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனபிறகு வேறொரு கம்பெனி எடுத்து பேய்க்கணவாய் வளர்த்துப் பார்க்கிறது. வலையில் வந்தால் பேய்க்கணவாய், ஓட்டல் தட்டில் வந்தால் ஆக்டோபஸ். எந்தப் பெயரில் வந்தாலும் சுப்பிரமணிக்கு அதைக் கண்டால் ஆகாது. அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பு திவ்யா.

இந்தப் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டதில்தான் வீடு இரண்டாகப் போனது. நாவலூரில் கண்ணாடிக் கட்டிடத்தில் நல்ல வேலை, ஊரப்பாக்கத்தில் அத்தை வீட்டில் ஜாகை, வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்கிற கம்பெனி வண்டி. மதுராந்தகம் பக்கத்து ஊரில் சுப்பிரமணி அந்த வேலையைச் சொல்லிச் சொல்லியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவள், தான் படித்தது மீன்வளம், பார்ப்பது வேறென்னவோ, இனி முடியாது என்று இங்கே வந்துவிட்டாள். "பேய்க்கணவாய்க்கு ஆயா வேல பாக்கவா உன்ன படிக்க வச்சேன்?" என்று ஊரே கேட்கக் கத்தினார். அதோடு விட்டாரா? அந்தக் கொட்டகையை இழுத்து மூடுகிற அன்றைக்கு மாரியாத்தாவுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று கோயில் வாசலிலேயே வேண்டிக்கொண்டார். மனைவி பூவாயி அதை மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அதன்பிறகு இரண்டு தீபாவளிக்கு திவ்யா வீட்டுப் பக்கம் வரவில்லை, அவருக்கு ஒரு போனும் போடவில்லை.

இப்போது புயல் எச்சரிக்கை. காவல்காரர் தன் கூரையைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். "ரெண்டு நாளு கூட இருக்கியா நைனா?" என்று அவள் கேட்டபோது, பஸ் நிற்குமா நிற்காதா என்றுகூட யோசிக்காமல் கிளம்பி வந்தவர் சுப்பிரமணி. மகள் மறுபடி மகளாகப் பேசவேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அவள் அவரைக் கொட்டகையின் கோடியில் இருந்த இருட்டுத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஒரு மண் கலயம் சாய்ந்து கிடந்தது. கலயத்துக்குள் தாய்க் கணவாய் செம்மண் நிறத்தில் சுருண்டிருந்தது. அதன் கைகளுக்கு நடுவே, கலயத்தின் மேல்சுவரிலிருந்து சரம் சரமாக முட்டைகள் தொங்கின. பால் பிடிக்கிற நெல்மணி மாதிரி இருந்தது அவருக்கு. மணிக்கு மணி இரண்டு கறுப்புப் புள்ளி.

"கண்ணு வச்சிடுச்சு பாத்தியா? முட்ட வுட்ட நாள்லேந்து இது எதுவும் தின்னல. கையால தடவிக்கினு, தண்ணிய ஊதிக்கினு, இதே வேலதான். குஞ்சு பொரிச்சதும் செத்துடும். இதுக்கு முன்ன ரெண்டு தாயி பாதியிலயே முட்டைய வுட்டுட்டுப் போச்சு நைனா. இதான் கடைசி. இதுவும் பொரிக்கலன்னா பொங்கலோட கொட்டாய மூடறோம்னுட்டாங்க."

சுப்பிரமணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஜந்து ஒரு கையை நீட்டி ஒரு சரத்தை மெல்ல நீவிவிட்டது. பூவாயி திவ்யாவுக்குத் தலை பின்னுகிற பாவனை அதில் இருந்தது. மாரியாத்தாவிடம் வேண்டிக்கொண்டதை நினைத்து அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஒண்ணு மட்டும் நைனா. இங்க எதையும் தொடாத. எது வேணும்னாலும் ஜெபசிங் அண்ணாவ கேளு."

ஜெபசிங் பம்ப் ஆள். நாற்பதைத் தாண்டியவர். பழைய இறால் கம்பெனிகளில் வேலை பார்த்துப் பழகிய கை. கழிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. சுப்பிரமணியை "அண்ணாத்த" என்றுதான் கூப்பிட்டார். காலையில் தன் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு இட்லி எடுத்து வைத்து "நாஸ்தா துன்னுங்க அண்ணாத்த" என்றபோது, சுப்பிரமணி பசியில்லை என்றார். பசியில்லாமல் இல்லை. சில பழக்கங்கள் வாயில் பதிலாகவே ஊறிப்போய் இருக்கும், யோசித்தெல்லாம் வருவதில்லை. ஜெபசிங் அதைப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை, இட்லியைத் திருப்பி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

அன்று பகலெல்லாம் மழை. கழி நிரம்பி, மணல் மேட்டை உடைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரும் வயல் தண்ணீருமாகக் கடலில் போய்ச் சேர்ந்தது. கரையோரக் கடல் டீத் தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்டது. திவ்யா அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கண்ணில் வைத்துப் பார்க்கிற உப்பு மீட்டரின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முப்பத்தைந்து காட்டவேண்டிய இடத்தில் பாதிதான் காட்டியது. கடலிலிருந்து தண்ணீர் இழுக்கிற மோட்டாரை நிறுத்தியாயிற்று. இனி கடல் தெளிகிற வரைக்கும் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிற பழைய கடல் தண்ணீர்தான் கதி. தாயின் தொட்டிக்குத் தினமும் காலையில் அதிலிருந்து கொஞ்சம் மாற்றிவிட வேண்டும்.

சாயங்காலம் ஜெபசிங் அந்தத் தொட்டியை மூடியிருந்த தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் உள்சுவரில் செங்கல் துண்டால் ஒரு கோடு கீறினார். பிறகு வீட்டில் தண்ணீர் ஏறியதா பார்த்துவிட்டு விடியலில் வருகிறேன் என்று போனார். கோடு எதற்கு என்று சுப்பிரமணி கேட்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்கு எதற்குக் கோடு போடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஏரிப் பாசனத்தில் நாற்பது வருஷம் தண்ணீர் கட்டியவர். அந்த ஏரியாவில் மடை திறக்கவும் மூடவும் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். ஊரிலும் மறுத்தவர்கள் குறைவு.

விடிகிற நேரம் மழை விட்டிருந்தது. திவ்யா களைத்துப்போய் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி பின்பக்கம் போய்ப் பார்த்தார். மழைத் தண்ணீர் முழுவதும் தார்ப்பாயில் குளமாகக் கட்டி, ஓரத்துக் கிழிசல் வழியாக உள்ளே வழிந்துகொண்டிருந்தது. தொட்டி தளும்பி நின்றது. ஜெபசிங் போட்ட கோடு எங்கோ அடியில் கிடந்தது.

பால் பிடித்த பயிரில் மழைத் தண்ணீர் ஏறி நின்றால் ஒரு குடியானவன் என்ன செய்வான்? மகளை எழுப்பி யோசனை கேட்பானா? அவர் கால்கள் தாமாக நடந்தன. தொட்டியின் அடியில் ஒரு வால்வு இருந்தது. திருகினார். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வாய்க்காலில் ஓடியது. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் சரியாகக் கோட்டுக்கு வந்ததும், ஒரு விரற்கடைகூட முன்னே பின்னே இல்லாமல், வால்வை மூடினார். ஏறின மழையெல்லாம் இறங்கிப் போயிற்று. மகள் தூங்கி எழுவதற்குள் ஒரு வேலை முடிந்தது. நிறைவாக இருந்தது அவருக்கு.

ஜெபசிங் முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார்.

"இன்னா அண்ணாத்த, தொட்டில மழ எறங்கிச்சா? கோட்டுக்கு மேல ஏறி இருந்துச்சா?"

எதையும் தொடாதே என்று மகள் சொன்னது அப்போதுதான் சுப்பிரமணிக்கு நினைவு வந்தது. "இல்லப்பா. நீ போட்ட கோட்டுலயே கீது, போய்ப் பாரு" என்றார். இப்போது கோட்டில்தானே இருக்கிறது, இதில் பொய் எங்கே வந்தது என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து பேசினார்.

வழக்கமாக ஜெபசிங் ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி அடிவரைக்கும் விட்டு, அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பம்பைப் போடுவார். அன்றைக்குக் கோட்டைப் பார்த்தார். கோடு நேற்றுப் போட்டபடி இருந்தது. பெரியவரும் சொல்லிவிட்டார். தாயின் தொட்டிக்குப் பம்பைப் போட்டுவிட்டு, டீசல் தீர்ந்து இருமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து திவ்யாவின் சத்தம் கேட்டது. "அண்ணா! பம்ப நிறுத்துங்க! நிறுத்துங்க!"

சுப்பிரமணி ஓடிப் பார்த்தபோது தாய்க் கணவாய் கலயத்திலிருந்து பாதி வெளியே கிடந்தது. நேற்றைய செம்மண் நிறம் இல்லை. அவித்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. மூச்சு விடுகிற பை அடித்துக்கொண்டது. முட்டையை நீவிய கைகள் துவண்டு தரையில் கிடந்தன. ஒரு கை மட்டும் கலயத்தின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தது, பிடி நிற்கவில்லை.

திவ்யா மீட்டரைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "இருவத்தி நாலு. நேத்து முப்பத்தி நாலு இருந்துச்சுண்ணா. பின்தொட்டித் தண்ணிய பாக்காமயா பம்ப போட்டீங்க?"

"கோட்டுலயே நின்னுச்சு மேடம். கோட்டுக்கு மேல ஏறியிருந்தா மழ பூந்துச்சுன்னு அர்த்தம். மேல் குழாய தொறந்து மேலாக்க நிக்கிற மழைய வடிச்சுட்டு, அப்பாலதான் போடுவேன். உங்க நைனாவயும் கேட்டேன். மழ எறங்கலன்னாரு."

"நைனா?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். மேலாக நிற்கிற மழை என்ற சொல்லில் சுப்பிரமணிக்கு ஏதோ உறைத்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக மாரியாத்தா கோயில் வாசல் கண்முன் வந்து நின்றது. கொட்டகையை மூட வேண்டிக்கொண்டவன், வந்த மறுநாளே வால்வைத் திறந்தான் என்றால், தெரியாமல் செய்தேன் என்று யார் நம்புவார்கள்? இவள் நம்புவாளா? அவர் நினைத்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலயே."

இட்லிக்குச் சொன்ன பதில் மாதிரியே தயாராக வந்தது அது. ஜெபசிங் அவர் முகத்தையே பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. மறுபடி ஒருமுறை வாயைத் திறப்பார் என்று இடம் விட்டுக் காத்திருக்கிற பார்வை. சுப்பிரமணி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பாயிடுச்சுன்னா தப்பாயிடுச்சுன்னு சொல்லுங்கண்ணா. எங்க நைனா மேல ஏன் போடறீங்க? அவரு நேத்துதான வந்தாரு" என்றாள் திவ்யா.

ஜெபசிங் கையை லுங்கியில் துடைத்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். "வரேன் மேடம்" என்றார். சவுக்குத் தோப்பைத் தாண்டுகிற வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திவ்யாவும் கூப்பிடவில்லை.

அதன்பிறகு அவள் என்னென்னவோ செய்தாள். கடல் உப்புக் கலவை கொஞ்சம் இருந்தது. அதைக் கரைத்துத் துளித் துளியாக விட்டாள். ஒரேயடியாக உப்பை ஏற்றினாலும் தாங்காதாம். இருபத்தேழு வந்து நின்றுவிட்டது, கலவை தீர்ந்தது. கரையோரத்து இறால் கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்களிடம் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மூடின தொட்டியில் ஆழத்துக் கடல் தண்ணீர் இருப்பது அவளுக்குத் தெரியும். ஜெபசிங் முன்பு வேலை பார்த்த இடம் அது. அந்த ஆட்களுக்கு ஜெபசிங்கைத்தான் தெரியும். புயல் நேரத்தில் முகம் தெரியாத பெண்ணுக்கு யார் வால்வைத் திறந்துவிடுவார்கள்? போனில் அவருடைய பெயரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

சுப்பிரமணி யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போனார். தார்ப்பாயை விலக்கி, விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. கையை நீட்டி, தோள் நனைய, எட்டின ஆழத்திலிருந்து ஒரு கை அள்ளிச் சுவைத்தார். அதுவும் இனித்தது. நெல் வயலில் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர். எந்த மடையைத் திறந்தாலும் ஏறினதுதான் இறங்கும். இங்கே உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் கிடந்திருக்கிறது; மழை அதன் தலைமேல் ஏறி நின்றிருக்கிறது. அடிமடையைத் திறந்து, மகள் உயிரைக் கொடுத்துச் சேர்த்து வைத்த கடலை வாய்க்காலில் விட்டுவிட்டு, மழையைப் பத்திரமாகக் கோட்டில் நிறுத்திக் கொடுத்திருக்கிறார் அவர். ஒரு விரற்கடை பிசகாமல். அந்தப் பெருமையை நினைத்தபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே வந்தபோது திவ்யா தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு அவருடைய தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு அவள் இப்படிச் சாய்ந்ததாக அவருக்கு நினைவில்லை.

"ஜெபசிங் அண்ணா அப்படி சொல்லுவாருன்னு நெனச்சே பாக்கல நைனா. கூடப் பொறந்தவரு மாதிரி இருந்தாரு. நீயாவது கூட கீறியே."

இதற்காகத்தான் அவர் பஸ் ஏறி வந்தார். இப்போது கிடைத்தது. இன்னொருவருடைய பங்கை எடுத்து அவருடைய தட்டில் வைத்த மாதிரி கிடைத்தது. தொட்டியில் தாய்க் கணவாய் ஒரு கையின் நுனியை வாய்ப்பக்கம் கொண்டுபோவதைப் பார்த்தார். அது கடிக்கப் போகிறது என்று புரிந்தபோது அவரால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"தெறந்தது நான்தாம்மா."

"இன்னா?"

"காலைல அடி வால்வ நான்தான் தெறந்தேன். மழ ஏறி நின்னுச்சு. வடிச்சு வுட்டா உனக்கு ஒத்தாசன்னு நெனச்சேன். ஜெபசிங் எங்கிட்ட கேட்டான். கோட்டுலயே கீதுன்னு நான்தான் சொன்னேன். அவன் சொன்னது நெசம்."

திவ்யா தலையை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். எந்தக் கேள்விக்கு அவர் பயந்தாரோ அதைத்தான் கேட்டாள்.

"வேணும்னே செஞ்சியா நைனா?"

"ஐயோ, இல்லம்மா. மாரியாத்தா மேல சத்தியமா…" என்று ஆரம்பித்தவர், எந்த மாரியாத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம் என்று உறைத்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அவள் நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. போனை எடுத்து ஜெபசிங்குக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள்.

"எடுக்க மாட்றாரு. நீ போ. எனக்கு சொன்னத அவருக்கு போய் சொல்லு. அவரு கேட்டாதான் பழைய கம்பெனில நல்ல கடல் தண்ணி குடுப்பாங்க, அது இல்லன்னா இது பொழுது சாயறதுக்குள்ள செத்துடும்."

கழிமேல் இருந்த தரைப்பாலத்தில் தொடையளவு தண்ணீர் ஓடியது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கிக் கடந்தார். சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று ஒருவர் காட்டினார். வாசலில் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். ஜெபசிங்கின் மனைவி ரெஜினா.

"யாரு?"

"திவ்யாவோட அப்பா."

"ஓ. நீங்கதானா அது" என்றாள். அதோடு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. சுப்பிரமணி உட்காரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங் பனியனோடு வெளியே வந்தார்.

"நீ கேட்ட. நான் பதில் சொன்னேன். அப்பால கேக்கவேயில்லன்னு பொய் சொன்னேன். வால்வ தெறந்தது நான்தான்" என்றார் சுப்பிரமணி. மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"இத்த இங்க வந்து சொல்லி இன்னா ஆவுது? அங்க, உன் பொண்ணு எதிர்க்க சொல்லியிருக்கணும். உன் மூஞ்சிய பாத்துக்கினே நின்னேன் அண்ணாத்த. சொல்லிடுவ, சொல்லிடுவன்னு நின்னேன்."

"அவகிட்டயும் சொல்லிட்டேன்."

ரெஜினா வாளியைக் கீழே வைத்தாள். ஜெபசிங் வாசலுக்கு இறங்கி வந்து பேசினார்.

"எங்கப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு நாளு வந்துச்சு. உங்க பக்கம்தான், மதுராந்தகத்தாண்ட, ஒரு நிலத்துக்காரரு வூட்ல. அவரு செய்யாத ஒண்ண செஞ்சாருன்னாங்க. சாவுற வரைக்கும் யாராவது வந்து 'நீ செய்யலப்பா'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்துக்கினே இருந்தாரு. யாரும் வரல. நீ வந்த. சரி. அதுக்காக நான் மனசு குளுந்துட்டேன்னு நெனக்காத."

"நெனக்கலப்பா. தாயி கையக் கடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நீ கேட்டாதான் தண்ணி கெடைக்குமாம்."

கடிக்க ஆரம்பித்துவிட்டது என்று கேட்டதும் ஜெபசிங் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு போனோடு வந்தார். பழைய கம்பெனியில் யாரையோ "மச்சான்" என்று கூப்பிட்டுப் பேசினார். கெஞ்சினார், ஒருமுறை கெட்ட வார்த்தையும் சொன்னார். அப்புறம் தண்ணீர் கேன்களை ஏற்ற ஒரு குட்டி யானை வண்டிக்குச் சொன்னார். அந்தக் கம்பெனியில் கேன்களை நிரப்பி, மெயின் ரோடு வழியாகச் சுற்றி, அவை ஆடாமல் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள் இருவரும். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

கொட்டகைக்கு வந்தபோது தாய் கலயத்தை விட்டு முழுதாக வெளியே வந்து, தொட்டியின் மூலையில் கிடந்தது. ஒரு கையில் பாதிதான் மிச்சம் இருந்தது. திவ்யா முழங்கை வரை தண்ணீரில் விட்டு, ஒரு ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி, தாய் ஊதுகிற மாதிரி முட்டைச் சரங்களின்மேல் தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணா, நான் உங்கள…"

"அப்பால பேசிக்கலாம் மேடம். உப்பு இன்னா காட்டுது?"

"இருவத்தி ஏழு."

"ஒரேடியா வுடாதீங்க. நான் சொட்டு சொட்டா வுடறேன். நீங்க பாத்துக்கினே வாங்க."

கேன் தண்ணீரை மெல்லிய குழாயில் இறக்கினார் ஜெபசிங். ஒவ்வொரு கேனுக்கும் திவ்யா மீட்டரைக் கண்ணில் வைத்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதைத் தாண்டியபோது மூலையில் கிடந்த தாய் ஒருமுறை நிறம் மாறியது. செம்மண் நிறம் லேசாக ஏறி, உடனே வடிந்துபோயிற்று. மூச்சுப் பை அடிப்பது நின்றது. ஜெபசிங் அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, ஈரச் சாக்கில் வைத்து மூடினார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

திவ்யா டார்ச்சைக் கலயத்துக்குள் அடித்தாள். கீழ்ச் சரங்கள் பால் திரிந்த மாதிரி வெண்மையாகக் கலங்கிவிட்டன. மேல் சரங்களில் மணிகள் தெளிவாக இருந்தன. ஒரு மணிக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் புரண்டன.

"கீதுண்ணா. இன்னும் உயிரு கீது."

"அப்ப ஊதிக்கினே இருக்கணும் மேடம். பொரியற வரைக்கும். தாயி ஒரு நிமிசம் வுட்டதில்ல. நீங்க கொஞ்சம், நான் கொஞ்சம்."

இரண்டு பேரால் ராவும் பகலும் அதைச் செய்ய முடியாது என்று சுப்பிரமணிக்குத் தெரிந்தது. அவர் தொட்டியிலிருந்து ஓரெட்டுத் தள்ளியே நின்றிருந்தார். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது.

"மூணாவது ஆளா நான் ஊதட்டுமா? எப்படின்னு காட்டிக் குடு, அதே மாதிரி செய்யறேன்" என்றார். இதைக் கேட்கும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை, ஜெபசிங்கைப் பார்த்தார்.

திவ்யாவும் ஜெபசிங்கைத்தான் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் என்பது போல.

ஜெபசிங் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேணாம் அண்ணாத்த" என்றார். "நாங்க பாத்துக்கறோம்."

சுப்பிரமணி தலையாட்டினார். போய்க் கதவோரம் ஈரச் சுவரில் சாய்ந்து நின்றார். இரண்டு பேரும் குனிந்து, ஒருவர் டார்ச்சைப் பிடிக்க ஒருவர் குமிழை அமுக்க, வெகுநாள் பழகிய வேலை மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து திவ்யா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனை எடுத்து என்னவோ தேடிப் பார்த்தாள். பிறகு அவரிடம் வந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"செங்கல்பட்டுக்கு பஸ்ஸு வுட ஆரம்பிச்சிட்டாங்களாம் நைனா. காலைல மொத வண்டி கீது."

"சரிம்மா" என்றார் சுப்பிரமணி.